பொன்னாடை போர்த்த நான் வரமாட்டேன்

தம்பி,

உன் திறப்பு விழா அழைப்பிதழ் போனில் வந்து சேர்ந்தது. அழகாகத்தான் இருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் கடைவீட்டு மாடி, குளிர்சாதன அறை, குத்துவிளக்கு, வியாழக்கிழமை காலை நல்ல நேரம், எல்லாம் சரி. உன் படத்துக்குக் கீழே "மனநல சிகிச்சை நிபுணர்" என்று பொன்னிற எழுத்தில் போட்டிருக்கிறாய். அதற்கும் கீழே, பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பவர் என்று என் பெயர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்ற அப்பன் மறுக்கவா போகிறான் என்று நினைத்திருப்பாய். மறுக்கிறேன். நேற்று போனிலேயே சொல்லப் பார்த்தேன். "அப்பா, ஓப்பனிங் வேலையில தலைக்கு மேல இருக்கேன், நீங்க டென்ஷன் ஆவாதீங்க" என்று வைத்துவிட்டாய். உன்னிடம் பேசி நான் ஜெயித்ததும் கிடையாது. அதனால் எழுதுகிறேன். எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். குறுக்கே பேச வழியில்லை பார், முழுசாகப் படி.

விஷயம் அழைப்பிதழ் மட்டும் இல்லை. நம் வரிசையில் கடைசி வீட்டுப் புஷ்பாவின் மகள் வனிதாவைப் பற்றியது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண். போன வருஷம் ஜன்னலையெல்லாம் பழைய பேப்பரால் ஒட்டிக்கொண்டு, யாரோ தன்னை ஒளிந்து பார்க்கிறார்கள் என்று அழுதாளே, அவள்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரை கொடுத்து, இப்போதுதான் கோயிலுக்கு வந்து நாலு பேர் முகத்தைப் பார்க்கிறாள். முந்தாநாள் புஷ்பா சந்தோஷமாக நம் கேட்டண்டை வந்து நின்றாள். "அண்ணே, தம்பி வாய்ஸ் அனுப்பியிருக்கு, கேளுங்களேன்" என்று போனை என் காதருகே பிடித்தாள். உன் குரல். "ஆன்ட்டி, மாத்திர ரொம்ப நாள் சாப்பிட்டா அதுக்கே பழகிப்போயிடும். மெதுவா நிப்பாட்டிடலாம். மனசுல தெம்பு இருந்தா மருந்தே வேணாம். ஓப்பனிங் முடிஞ்சதும் கூட்டிக்கிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்." இதில் 'மெதுவா' என்ற சொல் புஷ்பாவின் காதில் விழவில்லை. அன்றைக்கே மாத்திரைப் பையைத் தூக்கி அலமாரி மேலே போட்டுவிட்டாள்.

மறுபடியும் கொடு என்று நான் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க லோரி ஓட்டுனவங்கண்ணே. தம்பி இதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கு. அவ தூங்கித் தூங்கி விழுறத என்னால தாஹான் பண்ண முடியல, பொறுக்க முடியல" என்றாள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் நர்ஸ் மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மிஸ்ஸி போன் பண்ணியிருக்கிறார், புஷ்பா எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் வனிதாவுக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கும் நாள் வியாழக்கிழமை காலை. அங்கே போவதாயில்லை, உன் திறப்பு விழாவுக்கு வருகிறார்களாம். புடவை கூட எடுத்தாயிற்று.

நேற்று மாலை கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்தேன். வனிதா வாசலில் நின்று நம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா" என்றேன். "ஒன்னும் இல்ல அங்கிள், யாரோ கூப்புட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். அந்தப் பார்வையை நான் என் வீட்டுக்குள்ளேயே பார்த்தவன்.

உன் அம்மாவின் கதை உனக்குத் தெரியும். ஆனால் முழுசாகத் தெரியாது, நீ அப்போது ஜித்ராவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். தோட்டத்து லயத்தை இடித்து, நம்மையெல்லாம் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் இந்த மலிவு வீடுகளுக்கு அனுப்பிய பிறகுதான் அவளுக்கு ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். பைப் தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று சமைப்பதை விட்டாள். கிளினிக்கில் ஒரு சின்னப் பையன் டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்காதவர், அவளோடு வெகுநேரம் பேசிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மனநோய் மருத்துவர் ஒரு மலாய் அம்மா. மாத்திரை ஆரம்பித்தார்கள். சுவர் பேச்சு நின்றது. ஆனால் உன் அம்மா உடம்பு ஊதி, கை நடுங்கி, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். வாயைத் திறந்து பேசுவதே இல்லை. கையில் கரண்டி நடுங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டாக்டரம்மா மேல் எனக்குக் கோபம் வரும். அதை அவரிடமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மருந்தை மாற்றிக் கொடுத்திருப்பார். நமக்கு அந்தப் பழக்கம் ஏது? டாக்டர் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து ஊரெல்லாம் குறை சொல்வோம்.

அந்த நேரத்தில்தான் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு, பேசியே மனசைத் தேற்றுகிறேன் என்று அந்த மனிதர் வந்தார். பெயர் வேண்டாம், உனக்குத் தெரியும். கோட்டு, கழுத்தில் மாலை, மேடையில் ஏறினால் மண்டபமே அழும், அடுத்த நிமிஷம் சிரிக்கும். உன் அம்மாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பொய் சொல்லக்கூடாது தம்பி, அவர் கெட்டவர் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசவிட்டார். உனக்கு முன்னால் பிறந்து ஒரு வாரத்தில் போன குழந்தையைப் பற்றி அவள் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து பேசினாள். என்னிடம்கூட அதுவரை பேசியதில்லை. அழுது முடித்தபின் முகம் தெளிந்திருந்தது. அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் அவரைக் கும்பிடுவேன். "மாத்திரை மூளைய மந்தமாக்கிடும்மா, மனசுதான் மருந்து" என்றார். நிறுத்தினோம். சில வாரம் உன் அம்மா பழையபடி ஆனாள். தூக்கம் கலைந்தது, கை நடுக்கம் போனது, ரசம் வைத்தாள், என்னைக் கிண்டல்கூடப் பண்ணினாள். மருந்தின் பாரம் முதலில் இறங்கும், நோய் பிறகுதான் திரும்பி வரும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்தச் சில வாரத்துக்குள் கோயில் திருவிழா வந்தது. நான் அப்போது கமிட்டிச் செயலாளர். அவரை அழைத்து, மேடையேற்றி, என் கையாலேயே பொன்னாடை போர்த்தினேன். மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்காரம்மாவை எனக்கு மீட்டுக் கொடுத்த தெய்வம்" என்று பேசினேன். கைத்தட்டல். அந்தப் பேச்சைக் கேட்டுப் பாலிங்கிலிருந்து வந்திருந்த உன் சித்தப்பா தன் பையனை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். இன்னும் எத்தனை பேர் போனார்களோ.

பிறகு ஒருநாள் உன் அம்மா மறுபடியும் சுவரில் காதை வைத்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனால் அந்தப் பொன்னாடை என்னாவது? "செயலாளரே மைக்ல பேசினாரே, இப்ப என்ன மறுபடியும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுறாரு" என்று கோயிலில் சிரிப்பார்களே. மேடையில் ஏற்றி வைத்தவரை யார் இறக்குவது? மற்ற ஜனங்கள் எப்படியோ தெரியாது, நம் ஆட்கள் ஒருவர் தோளில் பொன்னாடை போட்டுவிட்டால், அவர் சொன்னதில் தப்பு இருக்கிறது என்று பிறகு நம் வாயால் சொல்லவே மாட்டோம். என் வீட்டில் அது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகப் போயிற்று.

தாங்க முடியாமல் அவருக்குப் போன் செய்தேன். ஈப்போவில் ஏதோ நிகழ்ச்சியில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஐயா, மறுபடியும் சுவர்கிட்ட நிக்கிறாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா?" என்று கேட்டேன். "நீங்களே நெகட்டிவா நெனச்சா அவங்க எப்படி எந்திரிப்பாங்க? மனச தைரியமா வச்சுக்கங்க, அடுத்த மாசம் வரேன்" என்றார். எவ்வளவு இதமான குரல். நானும் மனசைத் தைரியமாக வைத்துக்கொண்டேன். அந்த அடுத்த மாசம் வருவதற்குள் ஒரு காலையில் உன் அம்மா நம்மை விட்டுத் தானாகவே போய்விட்டாள். எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. ஜித்ராவிலிருந்து பஸ் ஏறி வந்து நீ அவள் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது என் கண்ணிலேயே இருக்கிறது.

கருமாதி முடிந்து, மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாக்சிக், சாப்பிட்டீங்களா?" என்று மலாயில், மாமா என்று அழைக்கிற மாதிரி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் கேட்டேன், இத்தனை பேர் இருக்கிறீர்களே, யார் யார் என்ன படித்தவர்கள், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று. உன் அம்மா இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மலாயில் எனக்குப் புரியாததைத் தமிழ் மிஸ்ஸி ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னார். நான் அதுவரை இவர்களெல்லாம் போலீஸ் மாதிரி, கீழே சின்னவர் மேலே பெரியவர், ஒரே வேலை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மனநோய் மருத்துவர் என்பவர் முதலில் எல்லா டாக்டரையும் போல உடம்பைப் படித்தவர், அதற்குப் பிறகும் பல வருஷம் மனநோய்க்கென்றே படித்தவர். ரத்தம், ஈரல், இருதயம் எல்லாம் பார்த்துத்தான் மருந்து எழுதுவார், கூட்டுவார், குறைப்பார். கிளினிக்கில் அந்த மீசை முளைக்காத பையனும் முழு டாக்டர்தான், தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு மேலே அனுப்புவார். தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னோர் அறையில் இருந்தவர் மருத்துவ உளவியலாளர். அவர் டாக்டர் இல்லை, மருந்தும் எழுதமாட்டார். ஆனால் பல்கலைக்கழகத்தில் மனத்தைப் பற்றிப் படித்து, மேற்படிப்பும் படித்து, நோயாளிகளோடு பழகிப் பயிற்சி எடுத்தவர். என்ன மாதிரி கோளாறு என்று சோதித்துப் பார்ப்பதும், முறையாகப் பேசிப் பேசியே சரிப்படுத்துவதும் அவர் வேலை. குளிப்பது, சமைப்பது, வேலைக்குத் திரும்புவது இதையெல்லாம் மறுபடி பழக்கிக் கொடுக்க வேறொருவர் இருந்தார். உன் அம்மாவுக்கு அவர் வெங்காயம் நறுக்கப் பழக்கியதை நான் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சமையல் வகுப்பு எதற்கு என்று நக்கலாகச் சிரித்துமிருக்கிறேன்.

"அப்ப கவுன்சலர்?" என்றேன். கவுன்சலர் என்றால் அதற்கென்று பட்டம் படித்து, சட்டப்படி பதிந்து, தொழில் செய்ய உரிமம் எடுத்தவர் என்றார். புருஷன் பெண்டாட்டி தகராறு, சாவு துக்கம், பரீட்சை பயம் இதற்கெல்லாம் அவரிடம் போகலாம். நல்ல கவுன்சலர் சுவர் பேசுகிறது என்று ஒருவர் சொன்ன மறுநிமிஷம் மருத்துவரிடம் அனுப்பிவிடுவாராம். கடைசியாக, அந்த மேடைக்காரர் இதில் யார் என்று கேட்டேன். டாக்டரம்மா என் கையிலிருந்த மாத்திரைப் பையை வாங்கி மேசை மேல் வைத்தார். அவ்வளவுதான்.

நான் பழைய லோரிக்காரன், எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வைத்திருக்கிறவன் நல்ல கெட்டிக்காரனாக இருக்கலாம். அதற்காகச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை அவனிடம் கொடுத்து மலையில் இறக்கச் சொல்வேனா? அவனுக்கு மூளை இல்லை என்பதால் இல்லை. அவன் அதற்குப் பழகவில்லை, அவன் ஓட்டுவதைப் பார்த்து, சரி என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் உட்காரவில்லை. உன் சர்டிபிகேட்டை நான் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நீ நிற்கிற படத்தோடு. அந்தப் படிப்பு, பினாங்கில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சில வார இறுதிகள், மிச்சம் கம்ப்யூட்டரில். ஒரு நோயாளியையாவது ஒரு மூத்தவர் பக்கத்தில் இருக்க நீ பார்த்திருக்கிறாயா? இது எந்த வண்டிக்கு லைசென்ஸ், தம்பி? பதிவு இல்லாமல் கவுன்சலர் என்றே போடக்கூடாது என்கிறபோது, நீ 'சிகிச்சை நிபுணர்' என்று போட்டிருக்கிறாய். அம்மாவுக்கு வந்தது இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதில் இறங்கினாய், எனக்குத் தெரியாதா? உன் நல்ல மனசைப் பார்த்துதான் எனக்குப் பயமே வருகிறது. அந்த மனிதரும் நல்ல மனசோடுதான் வந்தார்.

நம் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸரை நினைத்துப் பார். முசுடு. வாயைத் திறந்தால் வசவு. காயத்துக்கு மருந்து போடும்போது வேண்டுமென்றே அழுத்துவார் என்று பெண்கள் சொல்வார்கள். தோட்டமே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. ஆனால் தன்னால் முடியாததைப் பார்த்துவிட்டால், "இது என் வேலை இல்லடா, ஏத்து லோரியில, பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டு" என்று கத்துவார். பாம்பு கடித்தவன், வலிப்பு வந்த பிள்ளை, தலைப்பிரசவம் என்று எத்தனை பேரை நான் ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். பாதிப்பேர் பிழைத்தார்கள். அவரை எல்லோரும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் கும்பிட்டார்கள். அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

உனக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பலகையை மாற்றி எழுது. உட்கார்ந்து பேச ஓர் இடம், துணைக்கு ஓர் ஆள் என்று எழுது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறவர்களைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போ, நாற்காலியில் பக்கத்தில் உட்கார், டாக்டர் முன்னால் தலையை மட்டும் ஆட்டாமல் வாயைத் திறந்து கேட்கச் சொல்லிக் கொடு. எனக்கு அன்றைக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. இதில் மனசு நிறையாது என்றால், போய் முறையாகப் படி. நான்கு வருஷமானாலும் படி. இந்த வயசில் என்ன படிப்பு என்று கேட்காதே, உனக்குச் சோறு போட நான் இருக்கிறேன்.

அதெல்லாம் பிறகு. இப்போது ஒரு காரியம்தான். வனிதா மாத்திரை போடாமல் இன்றோடு மூன்றாம் நாள். புஷ்பா என் பேச்சைக் கேட்கமாட்டாள், மிஸ்ஸியின் போனையும் எடுக்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். அன்றைக்கு நான் ஈப்போவுக்குப் போன் செய்தபோது, அந்த மனிதர் மட்டும் "இது என் வேலை இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். வேறு யார் சொல்லியும் ஓடியிருக்கமாட்டேன். நான் போர்த்திய பொன்னாடை அவர் தோளில்தானே இருந்தது, அதை அவர்தான் கழற்ற முடியும். அவர் அதைச் சொல்லவில்லை.

முந்தாநாள் உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டபோது உன்னுடையது என்று தெரிந்தும் எனக்கு அது உன் குரலாகவே படவில்லை. அவர்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். அதே இதம், அதே நிதானம், அதே "நான் பாத்துக்கிறேன்".

வியாழக்கிழமை காலை நீ விளக்கேற்றும் நேரத்தில் நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருப்பேன். வனிதா என்னோடு இருப்பாளா இல்லையா என்பது உன் கையில் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் பதில் எழுதாதே. புஷ்பாவுக்குப் போன் பண்ணு. அந்த டிரெஸ்ஸர் கத்தினதை நீயும் சொல், "இது என் வேலை இல்ல" என்று. உன் குரல் கொஞ்சம் கரகரத்தாலும் பரவாயில்லை.

உன் அப்பா